பண்டிகை நெரிசலில் குடும்பப் படத்தோடு வாழ்த்து அட்டை: எதை எப்போது செய்வது

அட்டை கையில் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தபாலுக்கு ஒரு வாரம், அச்சுக்கு ஒரு வாரம், வடிவமைப்புக்கும் திருத்தத்துக்கும் ஒரு வாரம். ஆகவே படம் எடுக்கும் வேலை மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு முகவரிகள் இருந்தால் இன்னும் முன்னதாக.

படம் எடுக்கும் முன்பே அட்டையின் அளவையும், அது நிமிர்ந்த அட்டையா கிடையா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுவதால்தான் பாதித் தொல்லை வருகிறது. போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 5×7 அங்குல அட்டை அதைவிடச் சற்று நீளம். கிடையாக எடுத்த படத்தை அதில் பொருத்தினால் உயரத்தில் சுமார் 5 சதவீதம் போய்விடும். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது இன்னும் கொஞ்சம் போகும். உயரமானவரின் தலை வெட்டுப்படுவது இப்படித்தான். நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். வாழ்த்து வரிக்கும் அந்த இடம் உதவும்.

வெளியே என்றால் மர நிழலோ சுவர் நிழலோ போதும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். வீட்டுக்குள் என்றால் எல்லோரையும் ஜன்னலைப் பார்க்க நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சளடிக்கும். செல்ஃபி கேமரா வேண்டாம். பின்கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டு, ஒவ்வொரு முறையும் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். ஆள் கூடக்கூட யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். குழந்தை இருந்தால், சாப்பிட்டுத் தூங்கி எழுந்த வேளைதான் நல்ல வேளை.

5×7 அட்டைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 1500×2100 பிக்சல் வேண்டும். இன்றைய போன்கள் இதைத் தாராளமாகத் தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் அச்சுக்கு ஆகவே ஆகாது.

வடிவமைக்கும்போது வெட்டும் ஓரத்துக்காக ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியை நீட்டுங்கள். எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். திரையில் பளிச்சென்று தெரியும் படம் தாளில் ஒரு படி இருண்டுதான் வரும் என்பதால், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் தேவை. யூனிகோடைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கோப்பைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி, 'பொங்கல்' சிதைந்து நிற்கும். எழுத்துகளை வடிவக் கோடுகளாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. பெயர்களை வீட்டில் இன்னொருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்கட்டும். பிறகு ஒரே ஒரு மாதிரி அச்சு கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மொத்த அட்டையும் இருண்டு வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), மேட், அதாவது பளபளப்பில்லாதது. பளபளப்புத் தாளில் பேனா மை காயாமல் இழுபடும். கவர் அட்டையைவிட நீளத்திலும் அகலத்திலும் கால் அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அச்சடித்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பெயர் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வரும். அட்டை அச்சில் இருக்கும் நாட்களிலேயே கவர்களில் முகவரி எழுதி முடித்துவிடலாம்.