டைகர் பார்ப் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டு இளைஞர் தம் புதிய மீன்தொட்டிக்கு அருகில் நான்கு வாளிகளில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததைக் கண்டதுமே, நான் முன்பு செய்த பிழையை அவரும் செய்யப்போகிறார் என்பது புரிந்துவிட்டது. இரையை அள்ளிக் கொட்டக்கூடாது என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாளியில் வைத்த தண்ணீர்

ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். அவர் ஊர்த் தண்ணீருக்கு அது பொருந்தியிருக்கலாம். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிகளை ஒடுக்கப் பயன்படுத்துவதோ குளோரமின்; குளோரினும் அம்மோனியாவும் இணைந்த அது ஓரிரவில் ஆவியாகிவிடுவதில்லை. தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்த உற்சாகத்தில், தொட்டியின் பாதித் தண்ணீரை அந்த வாளித் தண்ணீரால் மாற்றினேன். மறுநாள் காலையில் எட்டு டைகர் பார்ப் மீன்களும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் ஆறு இறந்துவிட்டன. குளோரமின் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலையே கெடுத்துவிடுவதால், காற்று மோட்டாரை எவ்வளவு ஓட்டியும் பயனில்லாமல் போயிற்று. "எதையும் தாங்கும் மீன்" என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) வாங்கும்போது, குளோரமினுக்கும் உரியது என்று போத்தலில் அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். குளோரினை மட்டும் நீக்கும் மருந்து, அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதை உண்ணும் நுண்ணுயிரிகள் புதுத் தொட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். குழாய்நீரை நேராகத் தொட்டிக்குள் விடுவதாயின், மருந்தை முழுத் தொட்டியின் கொள்ளளவுக்குக் கணக்கிட்டு முன்னதாகவே ஊற்றுங்கள்.

வடிகட்டிப் பஞ்சு

குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

இரண்டு மூன்றாக வாங்குவது

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுக்கு மேல் இருந்தால் அவை பெரும்பாலும் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். மூன்றே இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். கூட்டம் பெரிதாக இருந்தாலும், நீண்ட துடுப்புடைய ஏஞ்சல், கப்பி, பெட்டா ஆகியவற்றை அவற்றோடு சேர்க்காதீர்கள். (பெட்டாவைச் சேர்த்துப் பார்த்தவன் நான், வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை.)

ரோசி பார்ப்

இதுவும் பார்ப் தானே என்று வாங்கிவிடாதீர்கள். குளிர்ந்த நீரை விரும்பும் அதற்கு, ஏர்கான் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தின் வெப்பம் ஒத்துவராது.

வேண்டாத மீனை நீர்த்தேக்கத்தில் விடுவது

குற்றம்.