மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129: பாதியில் நிற்கும் துணிக்கூரையைச் சரிபார்க்கும் முறை

ஜெர்மனியின் பிரேமன் நகரத் தொழிற்சாலையில் உருவாகி, 1989 முதல் 2001 வரை விற்பனையில் இருந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் காரின் உள்குறியீடு ஆர்129. இன்று அதை வைத்திருப்பவர்களை அதிகம் கலங்கவைப்பது, பொத்தானை இயக்கினால் தானாக மடிந்து உள்ளே செல்லும் துணிக்கூரைதான். அது பாதியில் நின்றதும், கூரையை அசைக்கும் ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் செலவில் இறங்குவதற்கு முன், கூரை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது எங்கே என்பதற்கான முதல் தடயம் அதுவே.

காரணம் எளியது. கண்ணாடிகள் இறங்குவது, கூரையின் பின்வளைவு எழுவது, கூரை உள்ளே செல்லும் இடத்தின் மூடி திறப்பது, துணி மடிவது என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை அதற்குரிய சிறு சுவிட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவித்தால்தான், ஹைட்ராலிக் ஆயிலை அடுத்த சிலிண்டருக்கு (ஆயில் அழுத்தத்தால் கூரையின் பாகத்தைத் தள்ளும் உருளைக்கு) அனுப்பும் வால்வு திறக்கும். ஒரு சுவிட்ச் பதில் தராவிட்டால், மற்ற எல்லாப் பாகங்களும் நன்றாக இருந்தாலும் இயக்கம் அங்கேயே நின்றுவிடும்.

படி 1: பேட்டரி. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பம்பு அதிக மின்சாரம் இழுப்பதால், தளர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எதையும் சோதிப்பது வீண். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி கூரையை இயக்கிப் பார்ப்பது நல்லது. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, பொத்தானைச் சில நொடிகள் விடாமல் பிடித்து, அவற்றின் நிலையை மீண்டும் பதியவையுங்கள்.

படி 2: எளிய தடைகள். கார் அசையாமல் நிற்க வேண்டும்; டிக்கி சரியாகப் பூட்டியிருக்க வேண்டும்; கூரை மடிந்து இறங்கும் இடத்தில் பையோ துணியோ கிடக்கக் கூடாது.

படி 3: காதால் கேளுங்கள். பொத்தானை இயக்கியதும் டிக்கிப் பக்கமிருந்து பம்பின் ஓசை வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பொத்தான், டிக்கி சுவிட்ச் ஆகியவற்றில் தேடுங்கள். பம்பு ஓடியும் எதுவும் அசையவில்லை என்றால் ஆயில் குறைந்திருக்கலாம். இரண்டு மூன்று கட்டங்கள் ஒழுங்காக நடந்த பின் நின்றால், கடைசியாக முடிந்த கட்டத்தின் சுவிட்சையும் அதற்குச் செல்லும் ஒயரையும் முதலில் சோதியுங்கள்.

படி 4: ஆயில் கசிவு. இந்தக் காரின் முதுமை வெளிப்படும் இடம் இதுதான். சிலிண்டர்களுக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்மானத்தால் மட்டுமன்றி, அவை செய்யப்பட்ட பொருளே சிதைவதாலும் கெட்டுப்போகின்றன. அதனால் அதிகம் ஓடாத காரிலும் கசிவு வரும். முன்கண்ணாடியின் மேற்சட்டத்தில், வெயில் மறைப்புப் பலகைகளுக்கு அருகே எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், கூரையின் முன்பூட்டுச் சிலிண்டர்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று கசியத் தொடங்கினால், அதே வயதுடைய மற்றவையும் தொடரக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே முறையில் கழற்றிப் புதிய சீல்கள் போடுவதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. ஆயில் அளவை, கையேடு சொல்லும் நிலையில் கூரையை வைத்துப் பார்த்து, அது குறிப்பிடும் ஹைட்ராலிக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஒருபோதும் கூடாது, அது சீல்களை அழித்துவிடும்.

நின்றுபோன கூரையைக் கையால் பலமாக இழுத்தால் சட்டம் வளைந்துவிடும். ஆகவே, கையேட்டில் உள்ள அவசர முறைப்படியே மூடுங்கள். எந்நேரத்திலும் விரல்களைச் சட்டங்களுக்கு இடையே விடாதீர்கள்.

படி 5: வழக்கமான பராமரிப்பு. ரப்பர் பட்டைகளுக்கு அவற்றுக்கென்றே விற்கும் பூச்சைத் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம். நீர் வடியும் துளைகளில் இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும் என்பதால், அவற்றை மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்யுங்கள். ஈரமான கூரைத்துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின்புறப் பிளாஸ்டிக் ஜன்னல் கடுங்குளிரில் விறைத்துவிடும், அந்நிலையில் மடித்தால் வெடிக்கும்; வெயிலில் சற்று இளகிய பிறகே கூரையைத் திறக்க வேண்டும்.