ஆசிரியருக்குத் தெரியும் கோப்பு பிள்ளைக்கும் தெரிகிறதா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆசிரியர்களுக்கு மூடில் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தைப் பழக்கிவருகிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த அதே பிழைகள் ஒவ்வொரு புதிய குழுவிலும் மாறாமல் நடக்கின்றன. பாடத்தை மறைத்து வைத்துவிட்டுத் திறக்க மறப்பது, தரம் 10 இன் செயலட்டையைத் தரம் 11 இல் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகள் கேட்ட அன்றே அவை திருத்தப்பட்டுவிடும். ஏற்றியவரின் மடிக்கணினியில் எல்லாம் சரியாகத் தெரிய, பிள்ளையின் கையில் மட்டும் தெரியாமற்போகும் பிழைகள்தான் நாட்கணக்கில் ஒளிந்திருந்து கெடுக்கின்றன.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை அப்படியே ஏற்றுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கும் பிழை இதுதான்.

ஓர் ஆசிரியை உயர்தர வரலாற்று மாணவர்களுக்குத் தவணைப் பரீட்சைக்கு முன்பாக மீட்டல் வினாக்களைத் தயாரித்தார். இரவிரவாக இருந்து தட்டச்சிட்ட வேர்ட் கோப்பு. தளத்தில் ஏற்றி, தன் மடிக்கணினியிலேயே திறந்தும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்து, “மிஸ், ஆங்கில மொழிமூலத்துக்கு உரியதைப் போட்டுவிட்டீர்கள். தமிழ் மொழிமூலத்துக்கு உரியதைத் தருவீர்களா?” என்று கேட்டாள். பிள்ளைதான் வேறு எதையோ திறந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியை அதே கோப்பைத் திரும்பவும் ஏற்றினார். வைரஸ் என்று பயந்து சிலர் அழித்துவிட்டார்கள். மற்றவர்கள் திரும்பத் திரும்பத் தரவிறக்கினார்கள். கூலி வேலைக்குப் போகும் தகப்பன் போட்டுக்கொடுத்த டேட்டா அப்படியே கரைந்தது. வினாக்கள் ஒழுங்காகக் கைக்கு வந்தபோது பரீட்சையே தொடங்கிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டும்போது கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டுவது அந்தக் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துரு. பிள்ளையின் கைபேசியில் பாமினி இல்லை. ஆகவே உள்ளே இருப்பதை உள்ளபடியே அது காட்டிவிடுகிறது. தளமும் கைபேசியும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டு முறையில் அப்படியல்ல. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்குத் தனி இடம் உண்டு. ‘த’ என்று தட்டினால் பதிவாவதும் ‘த’ தான். இன்றைய கைபேசிகள் அதைத் தமிழாகவே காட்டும்.

இதைச் சொன்னவுடன் பயிற்சி அறையில் ஒருவராவது எழுந்து, “சேர், இருபது வருடமாகப் பாமினியில் பழகிய கை இது, இனி எப்படி மாற்றுவது?” என்று கேட்பார். கையை மாற்ற வேண்டியதே இல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை ஆகிய இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. பழைய விசைகளிலேயே விரல் ஓடும், கோப்பில் யூனிகோட் பதிவாகும். இவ்வளவு இலகுவான வழி கையருகே இருக்கும்போது பிள்ளைகள் ஏன் இன்னும் அவதிப்பட வேண்டும்?

ஏற்கெனவே பாமினியில் சேர்த்துவைத்த கோப்புகளை எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றலாம். ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் பிரதியெடுத்து இடாதீர்கள். இடையில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சூத்திரங்களையும் அது தமிழென்று நினைத்து உருக்குலைத்துவிடும். பௌதிகவியல் ஆசிரியர்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பாமினியில் உள்ள பந்திகளை மட்டும் தெரிந்தெடுத்து மாற்றுங்கள், பிறகு ஒருதடவை வாசித்துப் பாருங்கள்.

மாற்ற நேரமே இல்லையென்றால் வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்து ஏற்றுங்கள். எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போவதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனாலும் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பிரதியெடுத்து ஒட்டினால் பழைய குழப்பமே வரும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உச்சரிக்கும். இது அன்றைய அவசரத்துக்கு மட்டுமே உதவும்.

தளத்தின் இணைப்பை வெளிப் பார்வைக் கருவியிடம் கொடுப்பது

பல உலாவிகள் பிடிஎஃப் கோப்பைத் தாமாகவே காட்டிவிடும். வேர்ட், பவர்பொயின்ற் கோப்புகளை அப்படிக் காட்டுவதில்லை, தரவிறக்கச் சொல்லும். அதைத் தவிர்க்கச் சிலர் கூகுளின் அல்லது மைக்ரோசொஃப்டின் இணையப் பார்வைக் கருவியில் கோப்பின் முகவரியைக் கொடுத்துப் பக்கத்தில் பதிக்கிறார்கள். வருவது வெற்றுப் பெட்டி, அல்லது பிழைச் செய்தி.

கோப்பை எடுக்க வருவது பிள்ளையின் உலாவி அல்ல. எங்கோ இருக்கும் அந்த நிறுவனத்தின் வழங்கிக் கணினி. அதனிடம் உங்கள் தளத்தின் கடவுச்சொல் இல்லை. தளம் அதை வாசலிலேயே மறித்துவிடுகிறது, மறிக்கவும் வேண்டும்.

இதற்குத் தீர்வு என்று பாடநெறியையே விருந்தினருக்குத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதே பாடநெறியில் பிள்ளைகளின் பெயரும் சுட்டெண்ணும் புள்ளியும் அடங்கிய எக்செல் பட்டியல் கிடக்கும். வாசிக்க மட்டுமான ஆவணமென்றால் பிடிஎஃப் ஆக்கி, கோப்பு அமைப்பின் தோற்றப் பகுதியில் ‘பதித்துக் காட்டு’ என்ற தெரிவைக் கொடுங்கள். பிள்ளை நிரப்பித் திருப்பித்தர வேண்டிய ஒப்படையென்றால் மட்டும் வேர்ட் கோப்பாகவே விடுங்கள். அதைத் தரவிறக்கத்தான் வேண்டும்.

சுருக்காத படங்களோடு பவர்பொயின்ற்

ஏ9 பிரதான வீதியிலிருந்து உள்ளே போகப் போக இணையச் சமிக்ஞை மெலியும், பெரிய கோப்பு இலேசில் இறங்காது. ‘படங்களைச் சுருக்கு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஏற்றுங்கள்.

திருத்துவதற்காகப் பழையதை அழிப்பது

ஓர் எழுத்துப்பிழைக்காக முழு உருப்படியையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் இணைப்பு மாறிவிடும். முன்பே பகிர்ந்த இணைப்பைத் தட்டும் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. யார் பார்த்து முடித்தார்கள் என்ற பதிவும் பழையதோடு போய்விடும். அமைப்புகளுக்குள் போய்க் கோப்பை மட்டும் மாற்றுங்கள்.

வேர்ட் ஆவணத்தைத் திரையில் படம்பிடித்து ஏற்றுவது

வேண்டாம்.

‘மாணவராகப் பார்’ என்பதோடு நின்றுவிடுவது

தளத்தில் உங்கள் பாத்திரத்தை ஆசிரியரிலிருந்து மாணவராக மாற்றிப் பார்த்தால் அனுமதிகள் மட்டுமே சோதிக்கப்படும். கணினி அதே கணினி, எழுத்துருவும் அதே எழுத்துரு. பாமினி ஏறாத ஒரு கைபேசியில், மாணவர் கணக்கொன்றில் உட்புகுந்து, வைஃபையை நிறுத்தி டேட்டாவில் திறந்து பாருங்கள்.

எக்செல் அட்டவணையை அளவு பாராமல் பிடிஎஃப் ஆக்குவது

கடைசி நிரல்கள் வேறு பக்கத்துக்கு ஓடிவிடும். பெயர் ஓரிடம், புள்ளி ஓரிடம். பக்க அமைப்பில் அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கி, தாளைக் கிடையாகத் திருப்பிவிட்டு, அதன்பிறகு சேமியுங்கள்.