மூடிய ஜாடிக்குள் செடி: சென்னை வீடுகளுக்கான செய்முறை

மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் செடி வாழ்வதில் மாயம் எதுவும் இல்லை. இலை விடும் நீராவி கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, வழிந்து, மண்ணுக்கே திரும்புகிறது. பகலில் செடி எடுத்துக்கொள்ளும் கரியமில வாயுவைச் செடியின் சுவாசமும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் ஈடுகட்டுகின்றன. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829இல் ஒரு பாட்டிலை மூடி வைத்தது அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்காக. அதற்குள் தானாக முளைத்த பெரணிதான் (ஃபெர்ன்) அவருக்கு இந்த வழியைக் காட்டியது. அவர் ஊரில் நிலக்கரிப் புகைதான் பெரணிக்கு எமன். சென்னையில் எமன் இருவர்: வெயிலும், நம் கையில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பும்.

வாங்க வேண்டியவை

4 அல்லது 5 லிட்டர் கொள்ளும், நிறமில்லாத கண்ணாடி ஜாடி. கை உள்ளே போக, வாய் 10 செ.மீ. அகலமாவது வேண்டும். பெட்டிக்கடை மிட்டாய் ஜாடியே போதும். ஊறுகாய் ஜாடி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

கூழாங்கல் 2 டம்ளர். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். மரக்கரி 1 டம்ளர்; இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டாலே கொடுப்பார். வேர்க்கடலை அளவுக்கு உடைத்து, கருப்புத் தண்ணீர் போகும்வரை அலசுங்கள். கொசுவலைத் துண்டு ஒன்று.

மண் கலவைக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 5 டம்ளர், பருமனான ஆற்று மணல் 2 டம்ளர், மண்புழு உரம் அரை டம்ளர். உரத்தைக் கூட்ட வேண்டாம். ஜாடிக்குள் செடி மெதுவாக வளர்வதுதான் நல்லது. செம்மண் மட்டும் போட்டால் இறுகிப்போகும். பீச் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், அதனால் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழியுங்கள்.

செடி மூன்று போதும்: ஃபிட்டோனியா (இலையில் நரம்புகள் வண்ணக் கோடுகளாகத் தெரியும்), சிறிய இலை பெப்பரோமியா, செலாஜினெல்லா (பாசி போலப் படரும்) அல்லது குட்டிப் பெரணி. மணி பிளான்ட் சாகாது, ஆனால் ஜாடியை அடைத்துக்கொள்ளும். கற்றாழை, கள்ளி, ஜேட் போன்ற சதைப்பற்றுச் செடிகள் இந்த ஈரத்தில் அழுகிவிடும். கடையில் கள்ளியை மூடிய ஜாடியில் நட்டு விற்றாலும் வாங்காதீர்கள். மண்மேல் பரப்பப் பாசி வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள்.

நடும் முறை

1. கூழாங்கல்லை 2 செ.மீ. பரப்புங்கள். இது தண்ணீரை "வடிக்கும்" என்பார்கள். அடியில் ஓட்டை இல்லாத ஜாடியில் அது எங்கே வடியும்? கூடுதல் தண்ணீர் வேரைத் தொடாமல் தேங்க ஓர் இடம், அது தேங்கியதை நாம் வெளியிலிருந்து பார்க்க ஒரு வழி, அவ்வளவுதான்.

2. மேலே கொசுவலை, அதன்மேல் 1 செ.மீ. கரி. பிறகு மண் கலவை சுமார் 6 செ.மீ. எல்லாம் சேர்ந்து ஜாடியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

3. மண் கலவையை ஜாடியில் போடுவதற்கு முன்பே ஈரமாக்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், அழுத்தினால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது.

4. செடியின் வேரில் ஒட்டிய நர்சரி மண்ணைக் கழுவிவிடுங்கள். பூச்சி முட்டை பெரும்பாலும் அதில்தான் வரும். இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுத்த, கிழிந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நீண்ட கரண்டியால் குழி செய்து நடுங்கள். இலை கண்ணாடியில் ஒட்டினால் அங்கேதான் முதலில் அழுகும்.

5. கண்ணாடியில் ஒட்டிய மண்ணைக் கழுவும்படி 50 மி.லி. தண்ணீர் தெளியுங்கள். கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. போர் தண்ணீரின் உப்பு வெளியே போக வழியில்லாமல் மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும், கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு விடும்.

முதல் இரண்டு வாரம்

தண்ணீர் சரியா என்பதைக் கண்ணாடி சொல்லிவிடும். காலையில் ஒரு பக்கம் மட்டும் பனித்து, மதியத்துக்குள் தெளிந்தால் சரி. நாள் முழுக்க உள்ளே எதுவும் தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தால் தண்ணீர் அதிகம். மூடியைத் திறந்து 3 மணி நேரம் வைத்து, கண்ணாடியின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும். சில நாட்களாகப் பனியே இல்லை, மண்ணும் வெளுத்திருக்கிறது என்றால் 2 மேசைக்கரண்டி விட்டு, மறுநாள் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள்.

வெள்ளைப் பூஞ்சை வந்தால் பயப்பட வேண்டாம். புது ஜாடியில் அது சகஜம். அது படர்ந்த இலையை எடுத்துவிட்டு, ஒரு நாள் மூடியைத் திறந்து வையுங்கள். துர்நாற்றம் அடித்தால் மட்டும் வேர் அழுகியிருக்கிறது என்று பொருள்; அப்போது மண்ணை மாற்றத்தான் வேண்டும்.

வைக்கும் இடம்

புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம், ஆனால் வெயில் மேலே படக்கூடாது. வடக்கு ஜன்னல் பக்கம் நல்லது. நேர்வெயிலில் மூடிய கண்ணாடி, கதவடைத்து நிறுத்திய கார் மாதிரி: உள்ளே வெந்துவிடும். வெளிச்சம் போதாத பிளாட்டில் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 10 மணி நேரம் எரியவிடுங்கள். தண்டு நீண்டு இலைகள் தள்ளித் தள்ளி வந்தால் வெளிச்சம் போதவில்லை.

ஏ.சி. காற்று நேராக ஜாடியில் பட்டால் கண்ணாடி குளிர்ந்து உள்ளே ஓயாமல் பனிக்கும். அதைப் பார்த்து தண்ணீர் அதிகம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஜாடியை ஜன்னலிலிருந்து எடுத்து, வீட்டிலேயே குளுமையான உள்ளறையில், தரையோடு வையுங்கள்.