பன் மாவுக்குப் பால் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

பன், பிரெட் செய்முறைகளில் ‘வெதுவெதுப்பான பால்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஈஸ்டுக்கு அது போதாது. டிரை ஈஸ்டைக் கரைக்கும் பால் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றிப் பழகிய கைக்கு இது தெரிந்த சூடுதான். சுத்தமான சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணுங்கள். கடைசிவரை இதமாக இருக்க வேண்டும். விரலை எடுக்கத் தோன்றினால் சூடு அதிகம். 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். அதன்பின் மாவை எத்தனை மணி நேரம் மூடி வைத்தாலும் எழும்பாது.

சூட்டைப் பார்ப்பதற்கு முன், பாலை ஒருமுறை நன்றாகக் காய்ச்சிவிடுங்கள். பாக்கெட் பாலைப் பாஸ்டரைஸ் செய்வது வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடிதான். கிருமிகளுக்கு அது போதும், பன்னுக்குப் போதாது. பால் திரிந்தால் பிரிந்து வரும் நீரில் சில புரதங்கள் இருக்கின்றன. காய்ச்சாத பாலில் அவை மாவின் இழுவையைத் தளர்த்திவிடுவதால், பன் குட்டையாகவும் கனமாகவும் வரும். 82 டிகிரிக்கு மேல் காய்ந்தால் அந்தப் புரதங்களின் வடிவம் மாறி, அந்தத் தொல்லை குறையும். ஓரங்களில் சிறு குமிழி வந்து ஆவி பறக்கத் தொடங்குவதுதான் அந்தப் பதம். வீட்டில் வழக்கம்போல் ஒரு பொங்கு வரவிட்டாலும் சரியே.

400 கிராம் மைதாவுக்கு 250 மில்லி பால் என்றால் 280 மில்லியாகக் காய்ச்சுங்கள். ஆவியிலும் ஆடையிலும் கொஞ்சம் குறையும். அடி கனமான பாத்திரத்தை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டுப் பாலை ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேல்பாலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஆடையை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாவில் திப்பிதிப்பியாக நிற்கும். ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு கணக்கு கைகொடுக்கும். ஏற்கெனவே காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பால் 150 மில்லி, அப்போதுதான் பொங்கி இறக்கிய பால் 100 மில்லி. இரண்டையும் கலந்தால் 40 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். மைக்ரோவேவில் என்றால் முதலில் 30 விநாடி, பிறகு பத்துப் பத்து விநாடியாக. ஒவ்வொரு முறையும் கலக்கிய பிறகே விரலை வையுங்கள், ஏனென்றால் மேலே கொதியாகவும் கீழே சில்லென்றும் இருக்கும்.

இந்தப் பாலில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் 7 கிராம் (ஏறத்தாழ இரண்டேகால் டீஸ்பூன்) டிரை ஈஸ்டும் சேர்த்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உப்பு இப்போது வேண்டாம். மேலே தடித்த நுரை திரள வேண்டும். நுரைக்கவில்லையா? மைதாவில் ஊற்றிவிடாதீர்கள். 40 டிகிரித் தண்ணீரில் சர்க்கரையோடு கொஞ்சம் ஈஸ்டைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். அங்கே நுரைத்தால் பாலின் சூடு தவறு. அங்கேயும் நுரைக்கவில்லை என்றால் ஈஸ்ட் பழசு.

இனிச் சொல்வதுதான் பலரும் கவனிக்காதது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்நாட்டுச் சமையலறைக்காக எழுதிய செய்முறையைச் சென்னை மே மாதத்தில் அப்படியே பின்பற்றினால் மாவு அவசரமாகப் பொங்கி, புளித்த வாடையோடு அமுங்கிப்போகும். கணக்கு எளிது: 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, கையால் பிசைவதில் ஏறும் சூட்டுக்கு ஒரு 5 ஆகியவற்றைக் கழியுங்கள். மைதாவும் அறையும் 33 என்றால் மிஞ்சுவது 7. அதாவது ஃப்ரிட்ஜ் பாலேதான்! ஊட்டிக் குளிரில் இரண்டும் 15 என்றால் பால் 43 வேண்டும். வெயில் காலத்தில் டிரை ஈஸ்டை 50 மில்லி வெதுவெதுப்பான பாலில் கரைத்துக்கொண்டு, மீதி 200 மில்லியைச் சில்லென்றே ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்டைக் கரைக்கவே வேண்டாம், மைதாவோடு நன்றாகக் கலந்த பிறகு குளிர்ந்த பாலை ஊற்றலாம். உலர்ந்த ஈஸ்டின் மேல் நேரடியாகக் குளிர்ந்த பால் பட்டால் அதன் வேகம் குறைந்துவிடும்.

வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடித்துச் செய்யும் கேக்குக்குப் பாலைச் சூடாக்கவே வேண்டாம். வெண்ணெய், முட்டை, பால் மூன்றும் ஏறத்தாழ 20 டிகிரியில் இருந்தால் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்ததுபோல் ஆகிவிடும். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி, அடித்துச் சேர்த்த காற்று போய்விடும். அப்படித் திரிந்தால் பயப்படாமல் அளந்து வைத்த மைதாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள், பெரும்பாலும் கூடிவிடும்.