சீன ஜாடியில் வௌவால் எதற்கு? பழைய பீங்கானைப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சீன ஜாடியின் ஓவியத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. அதில் பாதி சிலேடை. காதாலும் கேட்க வேண்டும். சீனத்தில் வௌவாலும் நற்பேறும் 'ஃபூ' என்றே ஒலிக்கும், எழுத்துதான் வேறு. நமக்கு வௌவால் என்றதும் பாழடைந்த மண்டபம் நினைவுக்கு வரும். அங்கே ஐந்து வௌவால் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறப்பற்று, நல்ல சாவு என்று ஐந்து பேறுகள். தலைகீழாக வரைந்திருந்தால் ஓவியர் தவறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 'தலைகீழ்', 'வந்துவிட்டது' இரண்டுக்கும் ஒலி 'தாவ்'தான்: பேறு வந்துவிட்டது! மீன் 'யூ', அதாவது மிச்சம். மாதுளைக்கு விளக்கம் எளிது. விதை நிறைய, பிள்ளைகள் நிறைய, அவ்வளவுதான்.

நீல ஜாடியில் வெள்ளைப் பூக்களுக்குப் பின்னே கோணல்மாணலாக ஓடும் கோடுகளை விரிசல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது உடையும் பனிக்கட்டி. பூ, குளிர்காலக் கடைசியில் மலரும் ப்ளம். மேலை நாட்டினர் அதற்கு 'ஹாதார்ன்' என்று வேறொரு செடியின் பெயரைத் தப்பாக வைத்தார்கள். அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பணத்தை இழக்க வைப்பது அடிப்பக்க முத்திரை. ஆறு எழுத்து முத்திரையை வலப்பத்தியிலிருந்து, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். 'காங்சி' என்றிருப்பதால் அது அந்தப் பேரரசர் காலத்து (1662–1722) ஜாடி ஆகிவிடாது. 19ஆம் நூற்றாண்டிலும் அதே முத்திரையைத் தாராளமாகப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1677இல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் அதிகாரி ஒருவர் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். அதனால் அசல் காங்சி ஜாடிகள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ, இலையோ, 200 ஆண்டு முந்தைய பேரரசரான 'செங்ஹுவா'வின் முத்திரையோதான் இருக்கும். முன்னோருக்கு மரியாதையாகவும் பழைய பெயரை எழுதினார்கள். ஏமாற்றத்தான் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது.

பெரிய ஜாடிக்குள் கைவிட்டால் நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். ஒட்டுப்போட்டது என்று பயப்பட வேண்டாம். பகுதி பகுதியாகச் செய்து களிமண் குழம்பால் இணைத்த இடம் அது. விரிசலைக் கண்டுபிடிக்க, மூடியை எடுத்துவிட்டு விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் சத்தம் மங்கினால் சந்தேகப்படலாம்.

கழுவும்போது நீல வெள்ளையையும் பல வண்ண ஜாடியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கோபால்ட் நீலம் கண்ணாடிப்பூச்சுக்கு அடியில், சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுட்டது, எளிதில் போகாது. சிவப்பு, இளஞ்சிவப்பு எனாமல்கள் பூச்சுக்கு மேலே, 700–800 டிகிரியில் சுட்டவை. தங்கப் பூச்சு அதைவிட மெலிது, தேய்த்தால் போய்விடும். தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். ஒட்டுப்போட்டதை ஊறவைத்தால் பசை விட்டுவிடும்.

தூக்கும்போது மூடிக் குமிழையோ கழுத்தையோ பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். பழைய எனாமலில் ஈயம் உண்டு. புளிப்பில் அது கரையும். ஜாடி எத்தனை அழகாக இருந்தாலும் எலுமிச்சை ஊறுகாய்க்கு வேறு ஜாடி பாருங்கள்.