செல்ஃப் எடுக்காமல் நின்றால் முதலில் கிளட்ச் சுவிட்சைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது பாதி மலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டீ குடித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, ஹார்ன் கணீரென்று அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து வந்த மெக்கானிக் பானட்டைத் தூக்கின உடனே "செல்ஃப் மோட்டார் போச்சுங்க, கழட்டிடலாம்" என்றார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கிற சின்ன சுவிட்சின் கப்ளருக்குள் (ஒயரைச் செருகும் இணைப்பு) ஒரு பின் களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தது, அவ்வளவுதான். இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் போதும், மோட்டாரைக் கழற்றும் முன் நீங்களே பார்த்துவிடலாம்.

கிளட்சை மிதித்திருக்கிறீர்களா என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சுவிட்ச்தான். மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்ற பூட்டு, கிளட்சைத் தொட்டதும் க்ரூஸ் (வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் வசதி) விட்டுவிடுவது, சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் வசதி, கியர் மாற்றும் நேரத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) எகிறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதை நம்பித்தான் நடக்கிறது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, போய் வந்தால் 40. வளைவுக்கு மூன்று முறை மிதித்தாலும் ஒரே பயணத்தில் 120 தடவை. அதோடு எஸ்டேட்டில் நனைந்த செருப்போடு ஏறி உட்கார்ந்தால் கால் வைக்கும் இடத்தில் ஈரம் நாள் கணக்கில் தங்கும், கப்ளர் களிம்பேற இது போதும்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். இந்தச் சுவிட்சுக்குத் தெரிந்தது பெடல் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான், உள்ளே கிளட்ச் பிளேட் விலகியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால் அது பிளேட் வேலை. கியர் போடும்போது கரகரவென்று உரசினால் கிளட்ச் ஆயில் குறைந்திருக்கிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் இந்தச் சுவிட்சை மாற்றிப் பணத்தை விடாதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் கொடுத்துவிடுங்கள். சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். டக்டக்கென்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு டக் என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தும் சத்தமே இல்லையென்றால் கிளட்ச் சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெடலை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, கடைசியில் தரையோடு ஒட்ட மிதித்தபடி திருப்பிப் பாருங்கள், எடுத்துவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், இந்த ஒரு காரணத்துக்காக வண்டியைக் கட்டி இழுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படித்துக் காட்டும் ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. பி0704 அல்லது பி0830 வந்தால் கிளட்ச் சுவிட்ச் சர்க்யூட், பி0805 முதல் பி0808 வரை வந்தால் கிளட்ச் பொசிஷன் சென்சார். கோடு வந்துவிட்டது என்பதால் சென்சார்தான் போனது என்று அர்த்தமில்லை, அந்த ஒயர் பாதையில் எங்கோ கோளாறு என்றுதான் அர்த்தம்.

இப்போது சீட்டைப் பின்னால் தள்ளி, தலையைக் கீழே விட்டு டார்ச் அடியுங்கள். பெடல் கையின் மேல்பக்கம் சுவிட்ச் தெரியும். சில வண்டிகளில் அது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரோடு ஒட்டி இருக்கும். பெடல் கையில் சுவிட்சைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும், அது பொடிந்து கீழே விழுந்திருந்தால் சுவிட்ச் நன்றாக இருந்தும் அழுந்தாது. அப்புறம் சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சையாகவோ கறுத்தோ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய விட்டு, மாட்டி ஒரு முறை முயன்று பாருங்கள்.

இரண்டு ஒயர் என்றால் சாதாரண சுவிட்ச். மீட்டரை ஓம்ஸில் வைத்து சுவிட்சின் இரண்டு பின்னிலும் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். சில வண்டிகளில் மிதித்தால் இணைப்பு கிடைக்கும், சிலவற்றில் மிதித்தால் விட்டுப்போகும். எதுவானாலும் மாற வேண்டும், இணைப்பு கிடைக்கும்போது ஓம்ஸ் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வர வேண்டும். எண் தடுமாறிக்கொண்டே இருந்தால் உள்ளே கான்டாக்ட் தேய்ந்துவிட்டது, சுவிட்சை மாற்றுங்கள். சுவிட்ச் சரியாக இருந்தால் ஒயர் பக்கக் கப்ளரில் வோல்டேஜ் வருகிறதா பாருங்கள், சில வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருந்தால்தான் வரும்.

மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் சென்சார் (காந்தத்தை வைத்துப் பெடலின் நிலையை உணர்வது), அதை ஓம்ஸில் அளந்து பயனில்லை. கப்ளரை மாட்டியபடியே, சாவி ஆன் நிலையில், பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். ஒன்றில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். பெடலை மிதிக்க மிதிக்க சிக்னல் மாற வேண்டும். சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தும் சிக்னல் அசையாமல் நின்றால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இங்கே பயன்படுத்தாதீர்கள், அது இழுக்கும் கரன்ட்டில் கம்ப்யூட்டர் அடிபடலாம்.

சுவிட்சை விட்டுவிட்டு அதற்குப் போகும் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி "இனி பிரச்சனை இல்லைங்க" என்று அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்காட்டில் சரிவில் நிறுத்தும் எல்லோரும் கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம். பூட்டு இல்லாத வண்டியில் ஒரு குழந்தை ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினாலும் வண்டி ஒரு எட்டு பாய்ந்துவிடும், முன்னால் நிற்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதேபோல் மலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று உருட்டி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் இரண்டு மூன்று மிதியிலேயே கல்லாகிவிடும், அடுத்த வளைவு பக்கத்திலேயே இருக்கிறது.

புதியதைப் பூட்டியதும் நியூட்ரலில் வைத்து, கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். மிதித்தால்தான் எடுக்கும் வகை வண்டியில் இப்போது எடுக்கக் கூடாது, மிதித்ததும் எடுக்க வேண்டும். பழைய கோடை அழித்துவிட்டு மலை ஏறி இறங்கி வந்து, சூடு ஆறும் முன்பே மறுபடி ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், கோடு திரும்பி வரவில்லை என்றால் வேலை முடிந்தது.